நிலாவைப் பார்த்து நாற்று நடுவதா?

(அடையாறில் மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கோயிலைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசாமல், வெண்டைக்காய் விதையையும் முள்ளங்கி விதையையும் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று கேட்கலாம். ஆனால் தோழர்களே, மூடநம்பிக்கை என்பது கோயிலுக்குள் மட்டும் குடியிருக்கிற வஸ்து அல்ல. அது கொல்லைப்புறத்திலும் இருக்கிறது. மாடித் தோட்டத்திலும் இருக்கிறது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிற நாள்காட்டியிலும் இருக்கிறது. கோயிலுக்குப் போகாதவன்கூட விதை போடுவதற்குமுன் "இன்று மேல்நோக்கு நாளா, கீழ்நோக்கு நாளா" என்று நாள்காட்டியைப் புரட்டுகிறான். ஆகையால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நம்மவர்கள் சொல்லுவது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்து கொள்ளுவோம். வளர்பிறையில் விதைத்தால் பயிர் வளரும். தேய்பிறையில் விதைத்தால் தேயும் என்பது ஒன்று. இருபத்தேழு நட்சத்திரங்களையும் மூன்று ஒன்பதாகப் பங்கு போட்டு, ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி ஆகியவை மேல்நோக்கு நாள். பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி ஆகியவை கீழ்நோக்கு நாள். மற்றவை சமநோக்கு நாள் என்பது இன்னொன்று. மண்ணுக்குமேல் காய்ப்பதை மேல்நோக்கு நாளிலும், கிழங்கு வகைகளைக் கீழ்நோக்கு நாளிலும் போடவேண்டுமாம். இவை போதாவென்று அஷ்டமி ஆகாது, நவமி ஆகாது, செவ்வாய் ஆகாது, சனி ஆகாது, ராகு காலம் ஆகாது, கரிநாள் ஆகாது.

சரி, இவ்வளவையும் ஒருவன் ஒழுங்காக அனுசரிப்பதாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சந்திர மாதத்துக்கு ஏறக்குறைய 29½ நாள். வளர்பிறைக்கு 15 நாள் என்று கொள்ளுவோம். அஷ்டமி, நவமி போக 13. அதில் மேல்நோக்கு நாள் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நாலு நாள். அதில் செவ்வாயும் சனியும் கழித்தால் சுமார் மூன்று நாள்! கரிநாளும் ராகு காலமும் வந்து விழுந்தால் அதுவும் குறையும். மாதம் முப்பது நாளில் விதைப்பதற்குத் தகுந்த நாள் மூன்றே மூன்று. அந்த மூன்று நாளிலும் மழை கொட்டினால்? மற்ற இருபத்தேழு நாளில் மண் நல்ல பதத்தில் இருந்தால்? மண்ணின் ஈரம் பஞ்சாங்கம் பார்த்துக் காய்வதில்லையே! நாளுக்காகக் காத்திருக்கிறவனுடைய ஈரம் போய்விடும். கூலியாளுக்கு வேலை போய்விடும். விதை பூச்சி அரித்துப் போகும். நாள் குறித்துக் கொடுத்த புரோகிதனுக்கோ, நாள்காட்டி அச்சடித்தவனுக்கோ ஒரு காசு நஷ்டம் உண்டா? கிடையாது.

நிற்க. "இதெல்லாம் நம் முன்னோர்களான உழவர்களுடைய அனுபவம் அல்லவா? அதைப் பழிக்கலாமா?" என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. உழவனுடைய அனுபவத்தை நாம் ஒருபோதும் பழிக்கவில்லை. ஆனால் எது உழவனுடைய அனுபவம், எது ஏட்டுக்காரன் அதன்மேல் ஏற்றி வைத்த சுமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லுகிறானே, அதுதான் உழவனுடைய அனுபவம். ஆடி என்பது என்ன மாதம்? சூரியனை வைத்துக் கணக்கிடுகிற மாதம். மழையும் வெயிலும் காற்றும் சூரியனைத் தொடர்ந்து வருவதால், பட்டம் என்பது சூரிய மாதத்தோடு ஒட்டி வருகிறது. சந்திரனை வைத்துப் பன்னிரண்டு மாதம் எண்ணினால் 354 நாள்தான் ஆகும். வருஷத்துக்கு ஏறக்குறைய 11 நாள் பின்தங்கும். அதனால்தான் சந்திரனை மட்டும் பார்த்து எண்ணப்படும் ரம்ஜான் மாதம், சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடுகிறது. பயிர் நிலாவின் பேச்சைக் கேட்பதாயிருந்தால் நம்முடைய ஆடிப்பட்டமும் அப்படி ஊர் சுற்றிக்கொண்டல்லவா இருக்கவேண்டும்? அது ஆடியிலேயே நிற்கிறது. ஆகவே உழவன் கண்டது சூரியனை. ஜோசியன் கொண்டுவந்து நுழைத்தது சந்திரனை.

இனி, இந்த விஷயத்தை மற்ற ஊரில் பேசுவதற்கும் அடையாறில் பேசுவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இன்று படித்தவர்கள் சிலர் பஞ்சாங்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, "நாங்கள் விஞ்ஞான முறைப்படி நிலாவைப் பார்த்து நடுகிறோம், இது ஜெர்மனியில் கண்டுபிடித்தது" என்கிறார்கள். பயோடைனமிக் விவசாயம் என்று அதற்குப் பெயர். அந்த ஜெர்மன் சரக்கின் வேர் எங்கே போகிறது என்று தோண்டிப் பார்த்தால், அதில் ஒரு கிளை இதே அடையாற்றங்கரையில் வந்து முட்டுகிறது!

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். 1875ல் நியூயார்க் நகரத்தில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் மற்றும் சிலரும் சேர்ந்து தியசாபிகல் சொசைட்டி என்னும் பிரம்மஞான சபையை ஆரம்பித்தார்கள். 1882ல் அடையாறில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்னும் இடத்தை வாங்கித் தலைமை நிலையத்தை இங்கே கொண்டுவந்தார்கள். ஆல்காட் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1894 முதல் இலவசப் பள்ளிகள் வைத்தார். அந்த நன்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சபை பரப்பிய சரக்கு மறுபிறப்பு, கர்மம், கண்ணுக்குத் தெரியாத சூட்சும சரீரம், மகாத்மாக்கள் என்பவைதான். நம் நாட்டு ஏடுகளிலிருந்து எடுத்து, வெள்ளைக்காரச் சட்டை போட்டு, நமக்கே திருப்பி விற்றார்கள். நம் மேல்சாதிப் படிப்பாளிகள் "பார்த்தாயா, வெள்ளைக்காரனே நம் சாஸ்திரத்தை ஒப்புக்கொண்டான்" என்று மார்தட்டினார்கள்.

இந்தச் சபையின் ஜெர்மன் கிளைக்கு 1902ல் காரியதரிசியானவர் ருடால்ப் ஸ்டைனர் என்பவர். அன்னி பெசண்டு அம்மையார் 1907ல் சபையின் தலைவரானார். அடையாறு கடற்கரையில் 1909ல் கண்டெடுக்கப்பட்ட கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை உலக குருவாக வரப்போகிறவர் என்று சொல்லி, அதற்காக 1911ல் ஒரு தனிச் சங்கமும் வைத்தார்கள். ஸ்டைனர் இதை ஒப்பவில்லை. சண்டை முற்றி 1912-13ல் பிரிந்துபோய் ஆந்திரபாசபி என்று தனியாக ஒரு சபை வைத்துக்கொண்டார். உலக குரு என்று சொல்லப்பட்ட கிருஷ்ணமூர்த்தியோ, 1929ல் அந்தச் சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். குருவென்று உட்கார வைக்கப்பட்டவர் எழுந்து போய்விட்டார். ஆனால் சிஷ்யர்களாயிருந்தவர்கள் பரப்பிய சரக்கு மட்டும் போகவில்லை.

பிரிந்துபோன ஸ்டைனர், 1924 ஜூன் மாதம் கோபர்விட்ஸ் என்னும் ஊரில், இப்போது அது போலந்து தேசத்தில் இருக்கிறது, ஒரு பண்ணையில் விவசாயத்தைப் பற்றி எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். பசுமாட்டின் கொம்பிலே சாணியை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கவேண்டும் என்பதும், கிரகங்களும் சந்திரனும் பயிரில் வேலை செய்கின்றன என்பதும் அவற்றில் அடக்கம். இதற்கு அவர் பரிசோதனை ஏதாவது செய்தாரா? இல்லை, தம்முடைய ஞானக்கண்ணால் கண்டது என்றார். ஞானக்கண் என்ற சொல்லைக் கேட்டவுடனே உங்களுக்குச் சங்கதி விளங்கியிருக்கும்! அடுத்த வருஷமே அவர் இறந்துவிட்டார். பிறகு மரியா துன் என்னும் ஜெர்மன் அம்மையார், சந்திரன் எந்த ராசி மண்டலத்தில் நிற்கிறதோ அதற்குத் தக்கபடி வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று பிரித்து 1963 முதல் விதைப்பு நாள்காட்டி போட ஆரம்பித்தார். அதுதான் இன்று உலகமெங்கும் விற்கிறது. நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது.

தோழர்களே, இப்போதுதான் வேடிக்கை. நம்முடைய பஞ்சாங்கத்தையும் அந்த ஜெர்மன் நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்திரன் ரோகிணியில் நிற்கிறது. நம் பஞ்சாங்கம், "மேல்நோக்கு நாள், மண்ணுக்குமேல் வளர்வதை நடு" என்கிறது. ரோகிணி இருப்பது ரிஷப மண்டலத்தில். ஜெர்மன் நாள்காட்டியோ, "ரிஷபம் மண் ராசி, ஆகவே இது வேர் நாள், முள்ளங்கியும் கேரட்டும் போடு" என்கிறது! சந்திரன் மகத்துக்குப் போகிறது. நம் பஞ்சாங்கம், "கீழ்நோக்கு நாள், கிழங்கு நடு, கிணறு வெட்டு" என்கிறது. மகம் இருப்பது சிம்மத்தில். ஜெர்மன் நாள்காட்டி, "சிம்மம் நெருப்பு ராசி, பழ நாள், தக்காளி போடு" என்கிறது! ஒரே வானம், ஒரே சந்திரன், ஒரே இரவு. ஒருவன் மேலே என்கிறான். ஒருவன் கீழே என்கிறான். இரண்டு பேரும் அனுபவத்தில் கண்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். இரண்டும் மெய்யாயிருக்க முடியாது. இரண்டும் பொய்யாயிருக்க முடியுமல்லவா?

அந்த நாள்காட்டியைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. ஹார்ட்முட் ஸ்பீஸ் என்பவர் அதே பயோடைனமிக் முறையைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர். அவர் ஜெர்மனியில் 1970களின் கடைசியிலிருந்து பல வருஷம் திரும்பத் திரும்ப விதைத்துப் பார்த்து, 1990ல் முடிவுகளை வெளியிட்டார். துன் அம்மையாரின் ராசிக் கணக்கு அதில் மெய்ப்படவில்லை. ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் இந்த விஷயத்தில் எழுதப்பட்டவற்றை எல்லாம் புரட்டிப் பார்த்து, பயிர் வேலையை நிலாவோடு கட்டுவதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2020ல் எழுதினார்கள். இவையெல்லாம் புதுக்காலத்துச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். பிரான்சு தேசத்தில் பதினாலாம் லூயி அரசனுக்கு வெர்சேல்ஸ் அரண்மனையில் காய்கறித் தோட்டம் போட்டுக் கொடுத்தவர் லா கெந்தினி என்னும் தோட்டக்காரர். அவர் முப்பது வருஷம் சந்திரனைக் கவனித்து விதைத்தும் ஒட்டுக் கட்டியும் பார்த்துவிட்டு, இது கிழவிக் கதையே தவிர வேறில்லை என்று எழுதி வைத்தார். அந்தப் புத்தகம் 1690ல் வெளிவந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு தோட்டக்காரர் தம் கையால் செய்து பார்த்துச் சொன்னதை, முந்நூறு வருஷத்துக்குப் பின் பட்டம் வாங்கினவர்கள் ஏற்க மறுக்கிறார்கள் என்றால், படிப்பு வேறு, அறிவு வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இனி அவர்கள் சொல்லும் "விஞ்ஞானக் காரணத்தை"ப் பார்ப்போம். "சந்திரன் கடலையே இழுக்கிறதே, மண்ணுக்குள் இருக்கிற தண்ணீரை இழுக்காதா?" என்கிறார்கள். அடையாற்று முகத்துவாரத்தில் ஏற்றமும் வற்றமும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றம் பெரிதாயிருக்கும் என்பதை நம் மீனவத் தோழர்கள் நன்றாய் அறிவார்கள். அது உண்மை அறிவு. அதைப் பகுத்தறிவுக்காரன் தலைவணங்கி ஏற்றுக்கொள்வான். ஆனால் கவனியுங்கள்: ஏற்றம் பௌர்ணமிக்கும் பெரிது, அமாவாசைக்கும் பெரிது. வளர்பிறை அஷ்டமிக்கும் சிறிது, தேய்பிறை அஷ்டமிக்கும் சிறிது. இழுப்புத்தான் காரணம் என்றால் வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் வித்தியாசமே இருக்கக் கூடாது! தங்கள் காரணத்தினாலேயே தங்கள் சாஸ்திரத்தை அவர்கள் கவிழ்த்துக் கொள்ளுகிறார்கள்.

அன்றியும், கடல் ஏறி இறங்குவது பூமியைச் சுற்றி அது ஆயிரக்கணக்கான மைல் பரந்து கிடப்பதனால்தான். ஏற்றத்தை உண்டாக்குகிற அந்தச் சக்தி, பூமியின் இழுப்பில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு. செம்பரம்பாக்கம் ஏரியில் யாராவது அமாவாசைக்கு ஏற்றமும் அஷ்டமிக்கு இறக்கமும் கண்டதுண்டா? அவ்வளவு பெரிய ஏரியிலேயே கண்ணுக்குத் தெரியாதது, உங்கள் மாடியில் இருக்கிற பூந்தொட்டியில் என்ன செய்துவிடும்?

"இழுப்பு இல்லாவிட்டால் வெளிச்சம்" என்பார்கள். முழு நிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் சுமார் நாலு லட்சத்தில் ஒரு பங்கு. தெருவிளக்கின் அடியில் விழும் வெளிச்சமே அதற்குப் பல மடங்கு. நிலா வெளிச்சத்தால் செடி கொழுக்குமானால், அடையாறு வீதிகளில் விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் மரங்கள் தினமும் பௌர்ணமி கொண்டாடி வானத்தை முட்டியிருக்க வேண்டுமே!

இன்னும் எளிய ஒரு சங்கதி. சிறுகீரை பறிக்க மூன்று நாலு வாரம் ஆகிறது; முள்ளங்கி பிடுங்க ஒன்றரை மாதம் ஆகிறது; கத்தரி மாதக்கணக்கில் நிற்கிறது. நீங்கள் எந்தத் திதியில் போட்டாலும் அந்தச் செடி வளர்பிறையையும் காண்கிறது, தேய்பிறையையும் காண்கிறது. வளர்பிறையில் பிறந்த முள்ளங்கி, பதினைந்து நாள் கழித்துத் தேய்பிறை வந்ததும் தேய்ந்து போகிறதா?

2016 டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல் சென்னையை அடித்தது. அன்று கார்த்திகை தீபம். வளர்பிறை முற்றியிருந்த நாள். பட்டணம் முழுவதும், இந்த அடையாறு பகுதியிலும், எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்தன! பிரம்மஞான சபைத் தோட்டத்தில் இருந்த புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரமும் 1989ல் ஒரு புயற்காற்றில் விழுந்ததுதான். இதற்காக நாம் சந்திரன்மேல் பழி போடவில்லை. விழுந்ததற்குக் காற்றும் மழையும் காரணம் என்று ஒப்புக்கொள்ளுகிற நீங்கள், முளைத்ததற்கும் மண்ணும் நீரும் காரணம் என்று ஒப்புக்கொள்ளக் கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

"அப்படியானால் நிலா பார்த்து நட்டவர்களுக்கு நன்றாக விளைகிறதே" என்றால், விளையத்தான் செய்யும். நாள் பார்த்து நடுகிறவன் அக்கறையுள்ளவன். மண்ணைக் கொத்துகிறான், மட்கிய எரு போடுகிறான், தினமும் போய்ப் பார்க்கிறான். விளைந்தது எருவினாலும் உழைப்பினாலும். பேர் வாங்குவது நிலா. விளையாமற் போனாலோ, "நாழிகை தவறிவிட்டது" என்று பழி உழைத்தவன் தலையில். தேய்பிறையில் வெட்டிய மூங்கிலை உளுக்காது என்பதும் இப்படித்தான். மூங்கிலைத் துளைக்கும் வண்டு அதிலுள்ள மாப்பொருளைத் தின்ன வருகிறது. முற்றிய மூங்கிலாகப் பார்த்து, மாப்பொருள் குறைந்த பருவத்தில் வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் அது தாங்கும். ஊறப்போட்ட வேலைக்காரனுக்குப் பேர் இல்லை. வானத்தில் சும்மா போன நிலாவுக்குப் பேர்!

தாய்மார்களே! இதில் உங்களுக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் செடியைத் தொட்டால் செடி பட்டுப்போகும் என்று இன்னமும் பல வீடுகளில் சொல்லுகிறார்கள். மல்லிகைக் கொடிப் பக்கம் போகாதே, துளசிப் பக்கம் போகாதே, கறிவேப்பிலை பறிக்காதே என்கிறார்கள். நாளுக்கும் தீட்டுக்கும் பயப்படுகிற புத்தி ஒரே புத்திதான். நான் கேட்கிறேன்: தமிழ்நாட்டில் நாற்று நடுகிறவர்கள் யார்? களை பறிக்கிறவர்கள் யார்? கீரைப் பாத்தியில் உட்கார்ந்து கட்டுக் கட்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். கூலிக்கு வயலில் இறங்குகிற ஏழைப் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியுமா? அந்த நாட்களிலும் அவர்கள் நட்ட நெல்லைத்தான் நாடு முழுவதும் தின்கிறது. தீட்டுச் சொல்லுகிறவனும் தின்கிறான். வயலில் படாத தீட்டு, மாடித் தொட்டியில் மட்டும் எப்படி வந்து படும்? இது செடியைக் காப்பாற்றச் சொன்னதல்ல. பெண்ணைத் தாழ்த்தி வைக்கச் சொன்னது. ஒரு பெண் இதை நம்பித் தன் கையே விஷம் என்று எண்ணிக்கொண்டால், அதைவிடச் சுயமரியாதைக்கு வேறு கேடு வேண்டுமா?

சரி, நாள் பார்க்காவிட்டால் வேறு எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பருவத்தைப் பாருங்கள். சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருகிறது. அந்தப் பெருமழையில் கீரை விதை போட்டால் அடித்துக்கொண்டு போகும், தொட்டியில் நீர் தேங்கி வேர் அழுகும். வெண்டையும் கத்தரியும் ஆடியிலும் தையிலும் போடலாம். முள்ளங்கியை மழை விட்டபின் குளிர்ந்த நாட்களில் போடலாம். விதையைப் பாருங்கள், பழைய விதை முளைக்காது. ஆழத்தைப் பாருங்கள், விதையின் பருமனுக்கு இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும், கீரை விதைக்கு மேலே மண் தூவினால் போதும். ஈரத்தைப் பாருங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்த அறிவு எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? தோட்டக்காரன் விரல் நுனியில் இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும், "நீ சொல்லுகிறாய், நான் ஏன் நம்பவேண்டும்?" என்று உங்களில் ஒருவர் கேட்டால் அவரைத்தான் நான் மெச்சுவேன். நம்பவேண்டாம், செய்து பாருங்கள். ஒரே பொட்டலத்து வெண்டை விதை, ஒரே மண், ஒரே அளவுத் தொட்டி. இருபது தொட்டியில் வளர்பிறை மேல்நோக்கு நாளில் போடுங்கள். இருபது தொட்டியில் தேய்பிறை கீழ்நோக்கு நாளில் போடுங்கள். வெயிலும் தண்ணீரும் சமமாக இருக்கட்டும். தொட்டிக்கு எண் மட்டும் போட்டு, எந்த எண் எந்த நாள் என்பதை ஒருவர் எழுதி மடித்து வைக்கட்டும். அது தெரியாத வேறொருவர் முளையை எண்ணிக் காயை நிறுக்கட்டும். ஒரு தடவை செய்துவிட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு பட்சத்துக்கும் நடுவே வெயிலும் மழையும் மாறும். ஆகையால் ஒரு வருஷம் மாதாமாதம் செய்யுங்கள். பிறகு சீட்டைப் பிரித்துப் பாருங்கள். நிலா ஜெயித்தால் நாம் ஒப்புக்கொள்ளத் தயார். நிலா தோற்றால் பஞ்சாங்கக்காரர் ஒப்புக்கொள்ளத் தயாரா என்று கேளுங்கள். அங்கேதான் பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆகவே தோழர்களே, நிலாவை நிலாவாகப் பாருங்கள். 1969ல் மனிதன் அதன்மேல் காலடி வைத்தான். 2023ல் நம் நாட்டுச் சந்திரயானும் போய் இறங்கிற்று. மனிதன் போய் மண் அள்ளிவந்த இடத்தின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு, நம் வீட்டுக் கொல்லையில் ஒரு கத்தரி நாற்றை நட நாம் காத்திருப்பது மானத்துக்கு அழகல்ல. உழைக்கிறவர் தம் கண்ணையும் கையையும் நம்பவேண்டும். தம் கையை நம்பாதவர் யாருக்காவது அடிமையாகத்தான் இருப்பார்.